பட்டியலில் தலையாகும் சாதி வால்

1929 பிப்ரவரி மாதத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று நமக்குத் தெரியும். பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில், டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பட்டத்தை விட்டொழிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இன்னொன்று நம்மில் பலருக்குத் தெரியாது. அதே மாதம் அமெரிக்காவில் ‘சைக்கலாஜிகல் புல்லட்டின்’ இதழில் ஏழு பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. உளவியல், மானிடவியல் இதழ்களின் ஆசிரியர்களும் நிர்வாகிகளும் 1928இல் கூடிப் பேசி, ஆய்விதழுக்கு அனுப்பும் கட்டுரை எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று வகுத்தது அது. அந்த ஏழு பக்கம்தான் வளர்ந்து, 1952இல் தனிக் கையேடாகி, 2019இல் ஏழாம் பதிப்பு கண்டிருக்கிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் கையேடு. ஆய்வு மாணவர்கள் சுருக்கமாக ஏ.பி.ஏ. என்பார்கள். இன்று உளவியலில் ஒரு கட்டுரை வெளியிட வேண்டுமென்றால் பெரும்பாலும் அதன்படிதான் மேற்கோள் காட்ட வேண்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கடந்த சில வாரங்களாக நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நான் கொல்லிமலைக்காரி. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வரும் ஊர். அரசுப் பட்டியலில் எங்கள் பெயர் மலையாளி, பழங்குடியினர். உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மனசு சரியில்லாமல் போவதை எங்கள் மலையின் வயதானவர்கள் என்னென்ன சொற்களில் சொல்கிறார்கள் என்பது என் ஆய்வு. கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன். மிச்சம் இருந்தது மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் இதழ் கேட்கும் வடிவத்தில் ஒழுங்கு செய்யும் வேலை மட்டும். கமாவும் புள்ளியும் சரிபார்ப்பதுதானே, இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று நினைத்து, செம்மேட்டில் சிக்னல் கிடைக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். முடியவில்லை. வரிக்கு வரி சாதி வந்து நின்றது.

விதி எளிமையானது. நூலாசிரியரின் குடும்பப் பெயர் முதலில், பிறகு கமா, பிறகு மற்றப் பெயர்களின் முதலெழுத்துகள், அடைப்புக்குள் ஆண்டு. கட்டுரைக்குள் சொல்லும்போது குடும்பப் பெயரும் ஆண்டும் போதும். பட்டியல் முழுவதும் குடும்பப் பெயரின் அகரவரிசையில் இருக்க வேண்டும். குடும்பப் பெயர் என்று ஒன்று எல்லோருக்கும் இருக்கும், அது பெயரின் கடைசியில் இருக்கும் என்று நம்பிச் செய்த விதி இது.

நம் ஊரில் பெயரின் கடைசியில் என்ன இருந்தது? எங்கள் நாமக்கல் மாவட்டத்துக் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையை இந்த முறையில் எழுதினால் ‘பிள்ளை, வெ. இரா.’ ஆகிவிடுவார். உ.வே. சாமிநாத ஐயரின் ‘என் சரித்திரம்’ நூலை எழுதினால் ‘ஐயர், உ. வே. சா.’ என்று வரும். தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை எழுதி 1956இல் வெளிவந்த தமிழ் மொழி, இலக்கிய வரலாற்றைக் கட்டுரைக்குள் சுட்டினால் ‘பிள்ளை, 1956’ என்றுதான் அடைப்புக்குள் நிற்கும். மனிதரின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கிவிட்டது, சாதி முழுசாக முன்னால் வந்துவிட்டது. பெயருக்குப் பின்னால் தொங்கிய வால் பட்டியலில் தலையாகிவிட்டது.

தமிழகம் பற்றிய ஏதாவது ஒரு பழைய ஆங்கில ஆய்வு நூலின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். ஐயர்கள் எல்லாம் ஒரு வரிசை, முதலியார்கள் ஒரு வரிசை, பிள்ளைகள் ஒரு வரிசை. தெருவுக்குத் தெரு சாதி பிரித்துக் குடிவைத்த ஊரைப் போல இருக்கும் அந்தப் பட்டியல். சேரிக்கும் மலைக்கும் அந்த ஊரில் பெரும்பாலும் இடமே இருக்காது. 2021இல் தமிழ்நாட்டுப் பாடநூலில் உ.வே. சாமிநாத ஐயரை ‘உ.வே. சாமிநாதர்’ என்று அச்சிட்டபோது எவ்வளவு கூச்சல் போட்டார்கள் என்று நினைவிருக்கும். வரலாற்றைத் திருத்துகிறார்கள் என்றார்கள். ஒரு மனிதரின் இயற்பெயரையே விழுங்கிவிட்டுச் சாதியை மட்டும் அச்சடிக்கும் துணைநூற்பட்டியலைப் பார்த்து யாரும் கூச்சல் போட்டதில்லை. அது வெறும் வடிவமாம்.

சாதி வால் இல்லாதவர்களையும் இந்த வடிவம் விட்டுவைப்பதில்லை. காத்தவராயன் என்ற இயற்பெயரை விட்டு, தனக்குக் கற்பித்த ஆசானின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டவர் பண்டிதர் அயோத்திதாசர். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கியவர். ஆங்கிலத்தில் அவர் பெயரை இரண்டு சொல்லாக எழுதுகிறார்கள். அதனால் விதியை இயந்திரமாகப் பின்பற்றுகிறவர் ‘தாஸ், அ.’ என்று போட்டுவிடுவார். நன்றிக்காக ஏற்ற ஒரு பெயரை இரண்டாக உடைத்து, இல்லாத ஒரு குடும்பத்தை அவருக்கு உண்டாக்கித் தருகிறது அந்த வரி.

என் பெயருக்கு நடந்ததையும் சொல்கிறேன். எனக்கு அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்று, என் பெயர் ஒன்று, அவ்வளவுதான். சில ஆண்டுகளுக்கு முன்பு முதல் கட்டுரையை அனுப்பியபோது இணையப் படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போக மறுத்தது. புள்ளி வைத்துப் பார்த்தேன், ஏற்கவில்லை. அவசரத்தில் இனிஷியலை அந்தக் கட்டத்தில் தட்டிவிட்டேன். கட்டுரை வந்தது. என் உழைப்பை முதன்முதலாக ஒருவர் மேற்கோள் காட்டியிருந்ததையும் பார்த்தேன். அடைப்புக்குள் ஒற்றை எழுத்தும் ஓர் ஆண்டும் இருந்தன. அந்த ஒற்றை எழுத்துதான் நான். என் பெயரைத் தேடுகிற யாருக்கும் அந்தக் கட்டுரை கிடைக்காது.

இந்த முறை படிவத்தில் நிற்கும்போது உடன் படித்த அண்ணன் ஒருவர் யோசனை சொன்னார். “இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு கஷ்டப்படுற? உங்க மலையில எல்லாரும் கவுண்டர்தானே, அதைப் போட்டுவிடு.” கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் மலையில் ஆண்கள் பெயருக்குப் பின்னால் அந்தப் பட்டம் ஒட்டிக்கொள்வது உண்டு. மலையை விட்டு இறங்கினால் அதே சொல் நிலவுடைமை ஆதிக்கச் சாதியின் பட்டம். என் அப்பா தன் பெயரோடு அதைச் சேர்த்து எழுதியதில்லை. அவர் போடாததை ஓர் அமெரிக்கக் கையேட்டுக்காக நான் போட வேண்டுமா? யோசித்துப் பாருங்கள், எத்தனை பிள்ளைகள் கடவுச்சீட்டுக்காகவும் வெளிநாட்டுக் கல்லூரிக்காகவும் தாத்தாவோடு போன பட்டத்தைத் தேடி எடுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். செங்கல்பட்டில் அறுத்ததை ஒரு கட்டத்தை நிரப்புவதற்காகத் தைக்கிறோம்.

கோபத்தோடு கையேட்டைத் திறந்து படித்தேன். அங்கேதான் எனக்கு வெட்கமாகப் போனது. நம்மைக் கட்டிப்போடுவதாக நாம் நினைக்கும் விதி அந்தப் புத்தகத்தில் அப்படி இல்லை. எழுதியவரின் பெயர் அவருடைய நூலில் எப்படி இருக்கிறதோ அதை மதித்து எழுது என்கிறது. ஒற்றைப் பெயர் உள்ளவரை அப்படியே எழுதலாம் என்கிறது. பிளேட்டோவை யாரும் உடைப்பதில்லை. ஒரே குடும்பப் பெயரில் பல ஆசிரியர்கள் வந்தால் கட்டுரைக்குள்ளும் முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் என்கிறது. 1929இன் அந்த ஏழு பக்கத்தை எழுதியவர்களே, எழுதுகிறவர்களுக்குக் கட்டளையிட நாங்கள் வரவில்லை, விதிவிலக்குகள் தேவைப்படத்தான் செய்யும் என்று சொல்லித்தான் தொடங்கியிருக்கிறார்கள். விதிவிலக்கு கேட்காதவர்கள் நாம்தான்.

இன்னொன்றும் புரிந்தது. இனிஷியலை முன்னால் போட்டுப் பெயரைப் பின்னால் எழுதும் நம் முறை இந்த வடிவத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஈ.வெ. ராமசாமி 1927 இறுதியில் ‘குடி அரசு’ இதழில் நாயக்கர் பட்டத்தைக் கழற்றி வைத்தார். கழற்றிய பிறகு ஏ.பி.ஏ. முறையில் அவர் ‘ராமசாமி, ஈ. வெ.’ ஆகிறார். அவர் பெயர்தான் முன்னால் நிற்கிறது. கழற்றாமல் இருந்திருந்தால் சாதியல்லவா முன்னால் நின்றிருக்கும். ஆகவே நம் பெயர்முறையில் எந்தக் குறையும் இல்லை. படிவத்தின் கட்டங்களை நிரப்புவதில்தான் ஏமாந்துபோகிறோம்.

ஆய்வுக்குள் புதிதாக வரும் தம்பி, தங்கைகளுக்காக இதை விளக்கமாகவே எழுதுகிறேன். ம. செல்வி என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் ‘செல்வி’ என்று அவர் பெயரையே போட வேண்டும். முதற்பெயர் கேட்கும் கட்டத்தில் இனிஷியலைப் போட வேண்டும். பட்டியலில் ‘செல்வி, ம.’ என்று சரியாக வரும். அப்பா பெயரை விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டால் அவருடைய உழைப்பு காலமெல்லாம் அப்பா பெயரில் சேரும்; கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைப் போட்டால் பாதி ஆய்வு ஒருவர் பெயரிலும் மீதி இன்னொருவர் பெயரிலும் சிதறும். முதல் கட்டுரையிலேயே ஒரு வடிவத்தை முடிவு செய்து கடைசிவரை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர்களுக்கான ஆர்கிட் எண்ணைப் பதிவு செய்யுங்கள், இலவசம்தான். அதில் குடும்பப் பெயர் கட்டாயமே இல்லை. ஜொடெரோ போன்ற மென்பொருளில் மேற்கோள் சேகரிப்பவர்கள், ஆசிரியர் பெயரை இரண்டு கட்டமாகப் பிரிக்காமல் ஒரே கட்டமாக வைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். அயோத்திதாசர் உடையாமல் வருவார்.

ஏற்கனவே சாதிப் பெயரோடு எழுதிவிட்டு இப்போது அதை விட நினைப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. திருநர் ஆய்வாளர்கள் போராடியதால் 2020க்குப் பிறகு பெரிய பதிப்பகங்கள் பல, வெளியான கட்டுரைகளிலும் ஆசிரியரின் பெயரை மாற்றித் தரும் நடைமுறையைக் கொண்டுவந்திருக்கின்றன. அச்சில் ஏறிவிட்டது, இனி மாற்ற முடியாது என்ற சாக்கு இனி செல்லாது.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கா ஒரு தலையங்கம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஊரில் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கிறார்கள், நீ கமாவைப் பற்றி எழுதுகிறாயா என்று தோழர் ஒருவர் கேட்கவே செய்தார். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான். யார் சொன்னது அறிவு, யார் சொன்னது வெறும் தகவல் என்று பிரிக்கும் இடம் துணைநூற்பட்டியல். அந்த இடத்தின் வலிமை அண்ணல் அம்பேத்கருக்குத் தெரிந்திருந்தது. 1946இல் வந்த ‘சூத்திரர்கள் யார்?’ நூலில் வேதம், மகாபாரதம், தர்ம சாத்திரம் என்று பக்கத்துக்குப் பக்கம் சான்று காட்டியிருக்கிறார். சான்று இல்லாமல் ஒரு வரி எழுதினாலும் பார்ப்பனப் பண்டிதர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று தெரிந்த எழுத்து அது. எனவே மேற்கோள் விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதி வைத்த விதி, முதல் தலைமுறையாகப் படிக்க வந்த எனக்குத்தான் அதிகம் தேவை. வீட்டில் பேராசிரியர் இருப்பவர் கேட்டுத் தெரிந்துகொள்வார். எனக்குப் புத்தகம்தான் வழி. அதனால்தான் அந்தப் புத்தகம் யாரையெல்லாம் வெளியே நிறுத்துகிறது என்றும் நான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெயர் என்று வந்தால் எங்கள் இனத்தின் பெயருக்கே இதே கதிதான். மலையாளி என்று ஆய்வுத் தரவுத்தளத்தில் தேடினால் கேரளத்து மக்கள்தான் வருவார்கள். என் கட்டுரையைப் பார்த்த மதிப்பீட்டாளர் ஒருவர், கேரள மாதிரி என்றால் நேர்காணல் ஏன் தமிழில் நடந்தது என்று கேட்டிருந்தார். நாங்கள் தமிழ் பேசுகிற மலை மக்கள், கேரளத்தோடு எங்களைக் குழப்பாதீர்கள் என்று ஒரு பத்தி எழுத வேண்டியிருந்தது. ஒரு மக்களைப் பற்றி எழுதும்போது அவர்கள் தங்களை எப்படி அழைக்கிறார்களோ அப்படி, குறிப்பாக எழுது என்பதும் அதே கையேட்டின் விதிதான்.

இனி, எனக்குத் தூக்கம் வராமல் செய்த வரிக்கு வருகிறேன். எங்களைப் பற்றி எழுதினால் எட்கர் தர்ஸ்டனைச் சொல்லாமல் இருக்க முடியாது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்து, மாகாணம் முழுவதும் மக்களின் மண்டையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர். கே. ரங்காச்சாரி துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலின் நான்காம் தொகுதியில் நாங்கள் இருக்கிறோம். அவருக்கு என் பட்டியலில் ஒரு முழு வரி. அளக்கப்பட்டவர்களுக்கும், வழக்கங்களைச் சொன்னவர்களுக்கும் பெயர் இல்லை. நூறு ஆண்டுக்கு மேலாகிவிட்டது, மாறியிருக்கும் என்று நினைத்தால், என் கட்டுரையிலும் அதே நிலைமைதான்.

என் ஆய்வில் ஓர் ஆயா இருக்கிறார். வளப்பூர் நாட்டுக்காரர். சோர்வு வேறு, ஏக்கம் வேறு, பயந்துபோவது வேறு என்று ஒவ்வொன்றுக்கும் உடம்பில் எந்த இடம், என்ன பேச்சு, என்ன செய்ய வேண்டும் என்று எனக்குப் பிரித்துக் காட்டியவர் அவர்தான். என் கட்டுரையின் அடிப்படையே அவர் சொன்ன பிரிவுதான். கட்டுரையில் அவர் ‘பங்கேற்பாளர் 7’. தன் துயரத்தைச் சொன்னவரின் பெயரை மறைப்பது சரிதான். அது உளவியலின் அறம், நானும் அதை மீறமாட்டேன். ஆனால் ஆயா தன் துயரத்தை மட்டும் சொல்லவில்லை. எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அதே விஷயத்தை ஒரு பேராசிரியர் புத்தகத்தில் எழுதியிருந்தால் அவர் பெயர் ஆண்டோடு அடைப்புக்குள் நின்றிருக்கும். ஆயா சொன்னதால் அது தரவு.

கட்டுரையைக் காட்டி விளக்கியபோது அவர் கேட்டது இதுதான்: “அந்தச் சீமைக்காரன் பேரெல்லாம் இருக்குது. எம் பேரு வராதா கண்ணு?”

நெறியாளரிடம் கேட்டேன். தனிப்பட்ட உரையாடல் என்று அடைப்புக்குள் போடலாம், பட்டியலில் போட வழியில்லை என்றார். கையேட்டைப் பார்த்தால், பழங்குடிகளின் மரபறிவையும் வாய்மொழியையும் எப்படிச் சுட்டுவது என்று ஏழாம் பதிப்பில் தனிப் பகுதியே இருக்கிறது. சொன்னவரின் முழுப் பெயர், இனம், ஊர், நாள் எல்லாம் கட்டுரைக்குள் வர வேண்டும் என்கிறது. பதிவு செய்யப்படாத பேச்சு என்றால் பட்டியலில் மட்டும் வராது. அதுவும் போதாது என்று கனடாவின் ஜேம்ஸ் ஸ்மித் கிரீ பழங்குடியைச் சேர்ந்த நூலகர் லொரிசியா மெக்லவுட், 2021இல் ஒரு மாதிரி வடிவத்தை வெளியிட்டார். பெயர், இனம், வாழும் இடம், கற்பித்த பொருள், நாள் ஆகியவற்றோடு மூத்தவர்களைத் துணைநூற்பட்டியலிலேயே சேர்க்கும் வடிவம் அது. கனடாவில் பல கல்லூரி நூலகங்கள் அதை எடுத்துக்கொண்டன. இனவெறியை வளர்த்ததில் தனக்கிருந்த பங்குக்காக அமெரிக்க உளவியல் சங்கம் மன்னிப்புக் கேட்டதும் அதே 2021 அக்டோபரில்தான். உலகம் முழுவதும் இப்படி ஒரு கேள்வி எழுந்திருக்கும்போது, இங்கே நம் பல்கலைக்கழகங்களில் இன்னும் கமாவுக்குப் பிறகு இடைவெளி இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆயாவிடம் திரும்பப் போனேன். நேர்காணலில் அவர் தன்னைப் பற்றிச் சொன்னது எதுவும் பெயரோடு வராது, எனக்குக் கற்றுக்கொடுத்தது மட்டும் பெயரோடு வரும் என்று விளக்கினேன். எது எப்படி வரும் என்று வாசித்துக் காட்டி, தனியாகச் சம்மதம் வாங்கினேன். அறநெறிக் குழுவுக்கும் எழுதினேன். அகரவரிசையில் அவருக்குரிய இடத்தில், அவர் பெயர், மலையாளிப் பழங்குடி, கொல்லிமலை, அவர் கற்பித்த பொருள், நாள் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். தர்ஸ்டனுக்குச் சில வரிகள் தள்ளி நிற்கிறார். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் சம்மதித்தது கட்டுரைக்குத்தான், இந்தப் பத்திக்கு இல்லை. இதழாசிரியருக்கு எழுதிய கடிதத்தில் இரண்டே கோரிக்கை வைத்தேன்: என் பெயரை நான் எழுதியபடி அச்சிடுங்கள், என் ஆசிரியரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். பதில் இன்னும் வரவில்லை. எடுக்கச் சொன்னால், ஏன் எடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்பேன்.

நெறியாளர்களாக இருக்கும் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவரின் துணைநூற்பட்டியலில் புள்ளிகளைத் திருத்தும்போது பெயர்களையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். எத்தனை பேர் சாதியாக மட்டும் நிற்கிறார்கள், எத்தனை பேர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருக்கிறார்கள், கற்றுக்கொடுத்த யாரெல்லாம் வெறும் எண்ணாக இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பல்கலைக்கழகங்கள் ஆய்வேட்டு விதிகளில் மூன்று வரி சேர்த்தால் போதும்: தமிழ்ப் பெயர்களை இனிஷியலோடு உள்ளபடி எழுதலாம், சாதிப் பட்டத்தைக் குடும்பப் பெயராகக் கேட்கக் கூடாது, மூத்தவர்களின் அறிவைச் சம்மதத்தோடு பட்டியலில் சேர்க்கலாம். இதற்குப் பணம் தேவையில்லை, குழு தேவையில்லை. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கு நூறு ஆண்டு ஆகப்போகிறது. அதற்குள்ளாவது நம் ஆய்வேடுகளின் கடைசிப் பக்கத்துக்கு அது வந்து சேரட்டும்.